வைத்துக்கொள்ளவா, கிழிக்கவா?

சோதனைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவர வேண்டும். பத்திரமோ பட்டாவோ தேவையில்லை. தபாலில் வந்து விழுந்த விளம்பரத் தாள், பழைய செய்தித்தாள் என்று வீட்டில் சும்மா கிடக்கும் எதுவானாலும் சரி. ஆய்வாளர்கள் அவற்றைப் படமெடுத்துக்கொள்வார்கள். பிறகு வந்தவர் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுப்பார். கண்ணெதிரே ஒவ்வொரு தாளாகத் தோன்றும். சில அவருடையவை, சில ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பதில் சொல்ல வேண்டும்: வைத்துக்கொள்ளவா, கிழிக்கவா? கிழிக்கச் சொன்னால் அந்தத் தாள் உண்மையாகவே இயந்திரத்துக்குள் போய்த் துண்டு துண்டாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் டோலினும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்த ஆய்வு 2012-இல் வெளியானது. 43 பேர், வீடு நிறையப் பொருளைக் குவித்துவிட்டு எதையும் கழிக்க முடியாமல் தவிப்பவர்கள். 31 பேர், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்கள். மற்ற 33 பேருக்கு இப்படிப்பட்ட தொல்லை எதுவும் இல்லை. குவிப்பவர்கள் தங்கள் தாள்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே கிழிக்கச் சம்மதித்தார்கள். அது யாரும் எதிர்பார்த்ததுதான். வியப்பு மூளைப் படத்தில் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் தாள் திரையில் வந்தபோது அவர்களுடைய மூளையின் இரண்டு பகுதிகள், முன்புறச் சிங்குலேட்டும் இன்சுலாவும், மற்ற இரு குழுவினரைவிட மந்தமாக இருந்தன. சொந்தத் தாள் வந்ததும் அதே இரண்டு பகுதிகளும் அளவுக்கு மீறிக் கொதித்தெழுந்தன.

இந்த இரண்டு பகுதிகளுக்கும் மூளையில் பல வேலைகள் உண்டு. அவற்றுள் முக்கியமானது, கண்ணில் படுகிற ஆயிரம் விஷயங்களில் எது பொருட்படுத்தத் தக்கது என்று தரம் பிரிப்பது. ‘தப்பு செய்கிறாய், கவனி’ என்று எச்சரிப்பது. பெரும்பாலானவர்களுக்குப் பழைய விளம்பரத் தாளைக் கிழிப்பது ஒரு முடிவாகவே தோன்றாது. குழாய்க்குள் படுத்திருந்த அந்த 43 பேருக்கோ ஒவ்வொரு தாளும் ஒரு வழக்கு விசாரணை. எந்த அளவுக்கு அந்தப் பகுதிகள் கிளர்ந்தனவோ, அந்த அளவுக்கு ‘ஏதோ சரியில்லை’ என்ற உணர்வும் முடிவெடுக்கத் திணறுவதும் கூடியிருந்தன.

குவிப்பவர்களைப் பற்றி ஊரில் பேசும்போது ‘பொருளாசை’ என்பார்கள், ‘சோம்பேறித்தனம்’ என்பார்கள். டோலினின் படங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. சிக்கல் இருப்பது முடிவெடுக்கும் இடத்தில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சேகரிப்பாளர்களின் பக்கம் திரும்பினால், இருவருக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்பது கொஞ்சம் தெளிவாகும்.

அஞ்சல் தலை சேகரிக்கும் ஒருவரின் மேசையைப் பார்க்கலாம். இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, தலையின் ஓரத்தில் இருக்கும் துளைகளை எண்ண ஒரு அளவி. 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பது அவருக்கு முக்கியம். ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை, ஆனால் துளைக் கணக்கு வேறு என்றால் அது வேறு தலை. வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பார்ப்பார். காந்தி நினைவாக இந்திய அரசு 1948 ஆகஸ்ட் 15 அன்று நான்கு தலைகள் வெளியிட்டது: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். முதல் மூன்றும் ஒருவரிடம் இருக்கிறதென்றால் அவருடைய ஆல்பத்தில் நான்காவதுக்கான இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடம்தான் அவரைக் கடை கடையாக ஏறி இறங்க வைக்கும். கிழிந்த தலை, மை அப்பிய தலை, ஏற்கெனவே இருக்கும் தலை வந்தால் ஒதுக்கிவிடுவார், அல்லது நண்பரிடம் கொடுத்து வேறொன்று வாங்குவார். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அவர் செய்வதில் பெரும்பங்கு ‘இது வேண்டாம்’ என்று சொல்வதுதான்.

குவியலில் இப்படி ஒரு காலியிடம் இருக்காது. இன்னது இல்லை என்று சொல்லவே முடியாத குவியலுக்கு ‘போதும்’ என்ற கட்டமும் கிடையாது.

லண்டனில் ஆஷ்லி நார்ட்ஸ்லெட்டனும் டேவிட் மட்டாய்ஸ்-கோல்ஸும் இதை முறையாக ஆராய்ந்தார்கள். அவர்களுடைய குழு, குவிப்புக் கோளாறு உள்ள 29 பேரையும் வெறும் சேகரிப்பாளர்கள் 20 பேரையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2013-இல் வந்தது. சேகரிப்பாளர்களுக்கும் பொருள்மீது பற்று இருந்தது. வாங்கும்போது குதூகலம் இருந்தது. கொடுக்க மனமில்லாமையும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர்கள் ஒன்றிரண்டு வகைகளுக்குள் நின்றார்கள், தேர்ந்தெடுத்து வாங்கினார்கள், வாங்கியதை அடுக்கினார்கள். குவிப்பவர்களிடம் வகை என்று ஒன்று இல்லை. எதுவும் வரலாம், எங்கும் கிடக்கலாம். அந்த 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு உலகத்துச் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் நற்சான்று எழுதிவிட முடியாது.

அடுக்குவது என்றால் அலமாரி அழகு மட்டும் இல்லை. எங்கிருந்து, எப்போது வந்தது என்று குறித்துவைப்பதும் சேர்ந்தது. அறிவியலில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. கலாபகஸ் தீவுகளில் சார்ல்ஸ் டார்வின் சிறு பறவைகளைப் பிடித்துப் பாடம் செய்தபோது எது எந்தத் தீவில் கிடைத்தது என்று ஒழுங்காகச் சீட்டு எழுதவில்லை. 1837-இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்டு அந்தப் பறவைகளை ஆராய்ந்து, இவை ஒன்றோடொன்று நெருங்கிய தனித்தனி இனங்கள் என்றார். டார்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் கொண்டுவந்திருந்த பறவைகளின் சீட்டுகளைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸோ மலாய்த் தீவுக்கூட்டத்தில் 8 ஆண்டுகள் திரிந்து 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்தார். ஒரு ஆள் சேர்த்த தொகை என்று நம்பவே கடினம். ஆனால் எது எந்தத் தீவு என்ற கணக்கில் அவர் கறாராக இருந்தார். ஆசிய விலங்குகளுக்கும் ஆஸ்திரேலிய விலங்குகளுக்கும் நடுவே அவர் பெயரால் இன்றும் வரைபடத்தில் ஓடும் கோடு அந்தக் கணக்கிலிருந்து வந்தது. ஒன்றேகால் லட்சம் பூச்சியும் பறவையும் சேர்த்த மனிதரை யாரும் நோயாளி என்று சொன்னதில்லை. எண்ணிக்கையை வைத்து இந்த விவகாரத்தைத் தீர்க்கப் பார்ப்பவர்கள் முதலில் வாலஸிடம் முட்டிக்கொள்வார்கள்.

மறுகோடியில் நிற்பவர்கள் நியூயார்க்கின் காலியர் சகோதரர்கள். ஹார்லெம் பகுதியில் ஐந்தாம் அவென்யூவில் இருந்தது அவர்கள் வீடு. தந்தை மகளிர் நோய் மருத்துவர். அண்ணன் ஹோமர் சட்டம் படித்தவர், தம்பி லாங்லி பொறியியல் படித்தவர், பியானோ வாசிப்பவர். பெற்றோர் போன பிறகு இருவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1933-இல் ஹோமருக்குப் பார்வை போயிற்று. வாரத்துக்கு 100 ஆரஞ்சுப் பழம் கொடுத்து அண்ணன் கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று தம்பி நம்பினார். பார்வை வந்ததும் விட்டுப்போன செய்திகளை எல்லாம் அவர் படிக்க வேண்டுமே என்று செய்தித்தாள்களையும் கட்டுக்கட்டாக எடுத்துவைத்தார். அந்தக் காரணத்தில் பைத்தியக்காரத்தனம் இருக்கிறதா, பாசம் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை. குவிப்பவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கும், தனியே எடுத்துக் கேட்டால் அந்தக் காரணம் நியாயமாகவும் இருக்கும்.

1947 மார்ச் 21 அன்று, அந்த வீட்டில் பிணம் கிடப்பதாகக் காவல்துறைக்கு யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். முன்வாசல் வழியாக நுழைய முடியவில்லை. மாடி ஜன்னல் வழியாக ஏறிப் பார்த்தபோது ஹோமர் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். சாப்பாடு கிடைத்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. லாங்லியைக் காணவில்லை. அவரைப் பல மாநிலங்களில் தேடினார்கள். ஏப்ரல் 8 அன்று கிடைத்தார், அண்ணன் இருந்த இடத்திலிருந்து சுமார் 10 அடி தூரத்தில். குவியலுக்குள் குகைபோல வழி வைத்து, திருடர்கள் வந்தால் மேலே சரியும்படி அவரே பொறிகள் அமைத்திருந்தார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் அவற்றில் ஒன்று அவர்மீதே சரிந்துவிட்டது. வீட்டிலிருந்து 120 டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 14 பியானோக்கள், ஒரு மாடல்-டி ஃபோர்டு காரின் அடிச்சட்டம், ஆயிரமாயிரம் புத்தகங்கள், மலைமலையாகச் செய்தித்தாள். இத்தனைக்கும் ஏலத்தில் கிடைத்த பணம் அற்பம். வீடு அந்த ஆண்டே இடிக்கப்பட்டது. அந்த நகரத்துத் தீயணைப்புக்காரர்கள் பொருள் அடைந்து கிடக்கும் வீட்டை இன்றும் ‘காலியர் மாளிகை’ என்கிறார்கள்.

இப்படி ஒரு கதை அரை நூற்றாண்டு பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தும் உளவியல் துறை இதைத் தனியே எடுத்துப் பார்க்கவில்லை. எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு வரும் விசித்திரம் என்ற நினைப்பு. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் ரேச்சல் கிராஸ் என்ற மாணவி இதைப் பற்றிக் கேட்டபோது பேராசிரியர் ராண்டி ஃபிராஸ்டுக்கும் அதே நினைப்புத்தான். எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்துவைப்பவர்கள் தேவை என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அழைத்தார்கள். அந்தச் சின்ன ஊரில்! ஃபிராஸ்டும் கிராஸும் 1993-இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி.

அதன் பிறகும் 20 ஆண்டுகள் ஆயின. அதுவரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, தேய்ந்துபோன பொருளைக்கூடத் தூக்கிப் போட முடியாமையை ஆளுமைக் கோளாறு ஒன்றின் எட்டு அடையாளங்களில் ஒன்றாக மட்டும் வைத்திருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்.-5 குவிப்புக் கோளாறுக்குத் தனி இடம் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அதன் பதினொன்றாம் பதிப்பில் அதை ஏற்றது. ஓசிடியிலிருந்து இதைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஓசிடி உள்ளவருக்குத் தன் எண்ணங்கள் வேண்டாத விருந்தாளிகள். விரட்ட முடியாமல் தவிப்பார். குவிப்பவருக்குச் சேர்ப்பது இன்பமாகவே இருக்கும். கழிக்கச் சொன்னால்தான் வலி.

கையேடு கேட்கும் கேள்விகள் சிலவே. பொருளின் மதிப்பு எதுவானாலும் அதைப் பிரிவது விடாத தொல்லையாக இருக்கிறதா? சேர்ந்த பொருள்கள், மனிதர்கள் புழங்கும் இடங்களை அடைத்து அவற்றின் பயனைக் கெடுத்துவிட்டனவா? இதனால் அவருக்கோ மற்றவர்களுக்கோ துன்பமோ ஆபத்தோ உண்டா? மாடித் தட்டும் சேமிப்பறையும் நிரம்பி வழிந்தால் பரவாயில்லை. சமையல்கட்டில் அடுப்பு பற்றவைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, கழிப்பறைக் கதவு திறக்கிறதா என்பதுதான் விஷயம். ஃபிராஸ்டின் குழு இதற்குப் படங்களாலான ஓர் அளவுகோலே செய்துவைத்திருக்கிறது. கூடம், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் 9 படங்கள். முதல் படத்தில் அறை துப்புரவாக இருக்கும். ஒன்பதாவதில் அறையே தெரியாது, பொருள் மட்டும்தான். உங்கள் வீடு எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று கேட்டால் போதும். நான்காவது படமோ அதற்கு மேலோ என்றால் மருத்துவர் கவனிக்க வேண்டிய அளவு.

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்று சொல்லி வளர்ந்த தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு உறுத்தல் வரும். பரண் நிறைய ஈயம் போன பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், மடித்து வைத்த துணிக்கடைப் பை. இதெல்லாம் நோயா? இல்லை. சிக்கனமாக எடுத்துவைப்பதைக் கையேடு கண்டுகொள்வதே இல்லை. அந்தப் பொருள்களுக்கு ஒரு போக்கிடமும் இருந்தது. மாதம் ஒருமுறை பழைய பேப்பர்காரர் தராசோடு வருவார். ஓட்டைப் பாத்திரம் காயலான் கடைக்குப் போகும். போகியன்று மிச்சம் மீதியும் வாசலுக்கு வந்துவிடும். குவிப்பவர் வீட்டில் அடைபட்டுப் போவது இந்த வெளியேறும் வழிதான். வறுமையில் வாடியவர்களே பின்னாளில் குவிக்கிறார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. ஃபிராஸ்டும் கிராஸும் அதைச் சோதித்துப் பார்த்தபோது, சிறுவயதுப் பற்றாக்குறைக்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை.

தொடர்பு வேறு இடங்களில் தென்பட்டது. இங்கிலாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவருக்கும் மற்றவருக்கும் இதில் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுவே காரணம் என்றது. தொல்லையின் விதை பெரும்பாலும் பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் விழுகிறது. அப்போது அப்பா அம்மா சுத்தம் செய்துவிடுவதால் தெரிவதில்லை. முப்பதுகளில் முற்றி, வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறது. மூளைக் காயமும் இதைக் கிளப்பலாம். நரம்பியல் ஆய்வாளர்களான ஸ்டீவன் ஆண்டர்சனும் டமாசியோ தம்பதியரும் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் காயமுற்ற 86 பேரை ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். அவர்களில் 13 பேர், அதுவரை சாதாரணமாக இருந்துவிட்டுக் காயத்துக்குப் பிறகு வேண்டாத பொருளை எல்லாம் குவிக்கத் தொடங்கியவர்கள். அவர்களுக்குக் காயம் பட்டிருந்தது நெற்றிக்குப் பின்னால், இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் நடுப்பகுதியில். டோலினின் சோதனையில் கொதித்தெழுந்த சிங்குலேட் இருப்பதும் அங்கேதான். சேர்க்கும் உந்துதல் மூளையில் இன்னும் ஆழத்தில், பழைய பகுதிகளில் இருக்கிறது. அதற்குக் கடிவாளம் போடுவது இந்தப் பகுதி என்பது அவர்கள் ஊகம். கடிவாளம் அறுந்தால் தேவையைப் பார்க்காமல் உந்துதல் ஓடும்.

தன் பொருள் என்றதும் மதிப்புக் கூடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தாலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, உடனே அவற்றை மற்றப் பாதிப் பேரிடம் விற்கச் சொன்னார்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். வாங்குகிறவர் கொடுக்க நினைத்த விலையைப்போல இரு மடங்கை விற்கிறவர் கேட்டார். குவிப்பவரின் வீட்டில் நடப்பது இதே கணக்கின் கடைக்கோடி என்று சொல்லத் தோன்றும். ஓரளவுக்குத்தான் அது சரி. வகை பிரிக்கும் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. யாருடையதோ ஒரு பொருள் குவியலைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் குவிப்பவர்களும் மற்றவர்களைப் போலவே நாலைந்து குவியலாகப் பிரிக்கிறார்கள். சொந்தப் பொருள் என்றால் நேரம் இழுக்கிறது, குவியல்கள் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் தனி ரகம், எதனோடும் சேராது. மின்கட்டண ரசீதை ரசீதுகளோடு போட மனம் வராது. அது ஒரு குறிப்பிட்ட நாளில் வந்தது, அதன் பின்புறம் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கிறது. அலமாரிக்குள் போனால் மறந்துவிடும் என்ற பயத்தில் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாம் எதிரே இருப்பதால் எதுவும் கண்ணில் படுவதில்லை.

கையேட்டில் ஒரு வரி உண்டு, பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வீடு துப்புரவாக இருந்தாலும், அது குடும்பத்தாரோ துப்புரவுப் பணியாளரோ அதிகாரிகளோ தலையிட்டதால்தான் என்றால், கோளாறு இருப்பதாகவே கொள்ள வேண்டும். இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றுப் புகழ்பெற்ற சேகரிப்பாளர்கள் சிலரைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

சர் தாமஸ் ஃபிலிப்ஸ் (1792–1872) உலகத்தில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி தனக்கு வேண்டும் என்று விரும்பிய இங்கிலாந்துச் செல்வர். கையெழுத்துச் சுவடிகள் மட்டுமே சுமார் 60,000 சேர்த்தார். பழைய தோல் சுவடிகளைப் பசை காய்ச்சுபவர்களும் தங்கம் தட்டுபவர்களும் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் வாங்கியிராவிட்டால் எத்தனையோ சுவடிகள் இன்று இல்லை. வாங்கிய கடனைக் கொடுக்காமல் புத்தக வியாபாரிகளை அலைய வைத்தார். சாப்பாட்டு அறை உட்பட அறை அறையாகப் பெட்டிகளால் நிரம்பின. ஒரு பக்கம் புத்தகமும் மறுபக்கம் எலியும் தங்களைத் துரத்துவதாக மனைவி புலம்பினார். மருமகன் தன் சேகரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று 1863-இல் செல்டன்ஹாமில் வேறு மாளிகைக்கு மாறினார். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் பல மாதங்கள் சாமான் போனது. அவர் செத்த பிறகு அந்தத் தொகையை விற்றுத் தீர்க்க நூறாண்டு ஆயிற்று. புழங்கும் இடம் அடைபட்டதா? அடைபட்டது. குடும்பத்துக்குத் துன்பமா? பெருந்துன்பம். கையேட்டின்படி அவர் நோயாளி; நூலக வரலாற்றின்படி மீட்பர்.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் இன்னும் தந்திரமான ஆள். 1974 முதல் தன் மேசைக்கு வரும் கடிதம், ரசீது, புகைப்படம், சாப்பாட்டு மிச்சம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, நிறைந்ததும் ஒட்டி, தேதி எழுதிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். 610 பெட்டிகள். அவற்றுக்குக் ‘கால மாத்திரைகள்’ என்று பெயரும் வைத்துவிட்டார். பெயர் வைத்ததும் அது கலையாகிவிட்டது. அவருடைய நியூயார்க் வீட்டின் கதையோ வேறு. 1987-இல் அவர் இறந்தபின் உள்ளே போனவர்கள், பெரும்பாலான அறைகளில் பிரிக்கவே பிரிக்காத கடைப் பைகளைக் கண்டார்கள். அவர் புழங்கியது ஒன்றிரண்டு அறைகளில்தான். அடுத்த ஆண்டு ஏல நிறுவனமான சோதபீஸ் 10 நாட்கள் விற்று 2.5 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இதே மனிதர் இரண்டு அறை வாடகைக் குடித்தனத்தில் இருந்திருந்தால் சுகாதாரத்துறை கதவைத் தட்டியிருக்கும். கோடு எங்கே விழுகிறது என்பதை மனம் பாதி தீர்மானிக்கிறது, சதுர அடி பாதி தீர்மானிக்கிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததையும் இந்த இடத்தில் பேசத்தான் வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் கலைஞர் அவர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம், ஊரில் வீடு கொள்ளாத அளவுக்குப் போனது. புத்தகமும் இதழுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று வேறு யாரும் மறுநாளே எறிந்துவிடும் காகிதம் எல்லாம். பட்டியலை மட்டும் பார்த்தால் காலியர் வீட்டுப் பட்டியலோடு ஒட்டும். ஆனால் அவர் தேடியது அச்சான தமிழ். அந்த வரம்பை அவர் தாண்டவில்லை. ஆய்வாளர்கள் கோட்டையூர் தேடிப்போய்க் கேட்டால், இருப்பதை எடுத்துக் கொடுக்க அவரால் முடிந்தது. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு பற்றி எழுதுகிறவர்கள் இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குப் போகாமல் எழுத முடிவதில்லை.

சிகாகோ வந்திராவிட்டால்? கரையானும் பழைய பேப்பர் தராசும் முடித்துவைத்திருக்கும், அவர் பெயரையும் யாரோ ஒரு விசித்திர மனிதர் என்று ஊர் மறந்திருக்கும். சேகரிப்பாளர்களில் பலருக்கு அந்தப் பட்டம் பின்னால் வருகிற நூலகரால் கிடைக்கிறது. ஆனாலும் நூலகர் வந்து அட்டவணை போடும்படியாக ஒரு தொகுப்பு இருப்பதற்கும், 120 டன்னை அள்ளிப் போட வேண்டியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, முதல் காகிதத்தை எடுத்த கை ஏற்கெனவே செய்துவிட்டது.

பெரும்பாலான குவிப்பவர்கள் வீட்டுக்கு நூலகர் வருவதில்லை. தீயணைப்பு வண்டி வருகிறது. மெல்போர்ன் நகரத் தீயணைப்புப் படை 1999 முதல் 2009 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தது. வீட்டுத் தீ விபத்துகளில் குவிப்பு வீடுகளில் நடந்தவை 0.25 சதவீதமே, ஆனால் தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அவற்றில் நிகழ்ந்தவை. கதவு திறக்காது, நடக்க வழி இருக்காது, எரிய மட்டும் ஏராளமாக இருக்கும்.

பிள்ளைகள் பொறுக்க மாட்டாமல் செய்வது ஒன்றுதான்: அம்மாவை ஊருக்கு அனுப்பிவிட்டு லாரி வைத்து அள்ளிவிடுவது. தொலைக்காட்சிக்காரர்களுக்கும் பிடித்த காட்சி அது. அனுபவமுள்ள மருத்துவர்கள் யாரும் இதைப் பரிந்துரைப்பதில்லை. திரும்பி வந்தவர் துக்க வீட்டில் நுழைந்தவரைப் போல ஆகிவிடுகிறார். பிள்ளைகள்மீது நம்பிக்கை போகிறது. வீடு மறுபடி நிறைகிறது. முடிவெடுக்கும் பயிற்சி மட்டும் நடக்கவில்லை, முடிவெல்லாம் லாரிக்காரர் எடுத்தது. ஃபிராஸ்டும் கெயில் ஸ்டெகெட்டியும் வகுத்த சிகிச்சை மெதுவானது. ஒரே ஒரு பொருளை எடுத்து, எறிந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்பார்கள். ‘தூக்கமே வராது’ என்றால், சரி, எறிந்துவிட்டு இன்றிரவு தூக்கம் வருகிறதா பார்ப்போம் என்பார்கள். கடைக்குப் போய் எதையும் வாங்காமல் திரும்பி வருவதும் ஒரு பாடம். வாரக்கணக்கில் இப்படிப் போனால் பலருக்கு நிலைமை தேறுகிறது. முழுக்கத் தீர்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு.

இத்தனையும் தரையும் சுவரும் உள்ள வீட்டுக்கு. தரையே இல்லாத இடத்தில் குவித்தால் எந்தக் கையேட்டால் அளப்பது என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 2015-இல் ஒரு நோயாளியை முன்வைத்துக் கேட்டார்கள். 47 வயது மனிதர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 டிஜிட்டல் படங்கள் எடுப்பார், பெரும்பாலும் இயற்கைக் காட்சிகள். ஒன்றைப் போலவே ஒன்று இருந்தாலும் அழிக்க மனம் வராது. மூலப் படங்களுக்கு நான்கு வன்தட்டுகள், அவற்றின் நகல்களுக்கு இன்னும் நான்கு. படங்களை வகைபிரித்து அடுக்கவே தினம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் போனது. தூக்கம் கெட்டது, வெளியே போவது நின்றது. அடுக்கிவைப்பவர் சேகரிப்பாளர் என்ற கணக்கு இவரிடம் செல்லாது. அடுக்கிய படங்களை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. என்றைக்காவது உதவும் என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. கேமரா வாங்குவதற்கு முன்பிருந்தே அவர் வீட்டில் பழைய தாள்களும் சைக்கிள் உதிரிப் பாகங்களும் குவிந்திருந்ததால் மருத்துவர்களுக்கு நோயைக் கணிப்பது எளிதாயிற்று. வீடு காலியாக இருந்து, வன்தட்டுகள் மட்டும் நிரம்பியிருக்கும் ஆளுக்கு எந்தப் பெயரை எழுதுவது என்பதைக் கையேடு இன்னும் முடிவு செய்யவில்லை.